மரப்பட்டையிலிருந்து மரபணுத்தொகை வரை: காட்டு ஈஸ்ட்டின் பன்மையை ஆராயும் முறை

உலகின் ஈஸ்ட் ஆய்வகங்களில் பெரும்பாலானவை இன்றும் அடிப்படையாகக் கொள்வது எஸ்288சி என்ற ஒரே ஸ்ட்ரெயினைத்தான் (ஸ்ட்ரெயின் என்பது ஓர் இனத்துக்குள் தனியே பிரித்து வளர்க்கப்படும் ஒரு வகை). அதன் மரபணுக்களில் ஏறத்தாழ 88 விழுக்காடு, 1938இல் கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் எமில் ம்ராக் என்பவர் ஓர் அழுகிய அத்திப்பழத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரெயினிலிருந்து வந்தவை என்று பின்னர் கணக்கிடப்பட்டது. 1996இல் உட்கரு உள்ள உயிரிகளிலேயே முதன்முதலாக முழு மரபணுத்தொகையும் வாசிக்கப்பட்டது எஸ்288சிக்குத்தான்: 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள், ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட் இனத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, இந்த ஒற்றை ஸ்ட்ரெயினைப் பற்றித் தெரிந்தவையே. 2018இல் உலகெங்குமிருந்து திரட்டிய 1,011 ஸ்ட்ரெயின்களின் மரபணுத்தொகைகளை ஒப்பிட்டபோது, 16 லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் எழுத்து வேறுபாடுகள் இருப்பதும், அந்த இனத்தில் காணப்படும் 7,796 மரபணுக்களில் 4,940 மட்டுமே எல்லா ஸ்ட்ரெயின்களுக்கும் பொதுவானவை என்பதும் தெரியவந்தது.

அந்தப் பன்மையைத் தாமே ஆராய விரும்பும் முதுநிலை மாணவர்களுக்காகவும், ஓரளவு வசதியுள்ள கல்லூரி ஆய்வகங்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கணினிக் கருவிகளைப் பயன்படுத்தும் முறை பல இடங்களில் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கருவிகள் பெரும்பாலும் மனிதரை மனத்தில் கொண்டு உருவானவை. அவை எடுத்துக்கொள்ளும் அனுமானங்கள் ஈஸ்ட்டுக்குப் பல இடங்களில் பொருந்துவதில்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் எந்த அனுமானம் உடைகிறது, அதற்கு என்ன செய்வது என்பதையே இங்கே முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வியும் சேகரிக்கும் இடமும்

எங்கே சேகரிக்கிறோம் என்பதே ஆய்வின் முடிவைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. ஒயின் ஆலைகளிலிருந்து நூறு ஸ்ட்ரெயின்களை எடுத்தாலும், அவை அனைத்தும் ஒன்றுக்கொன்று நெருங்கிய ஒரே வழிமரபைச் சேர்ந்தவையாக அமையும் வாய்ப்பே அதிகம். இனத்தின் பன்மையைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு. 2012இல் சீனாவில், குறிப்பாக ஹைனான் தீவின் பழங்காடுகளில், மனிதத் தொடர்பில்லாத மரங்களிலிருந்து எடுத்த ஸ்ட்ரெயின்கள் அதுவரை அறிந்திருந்த எல்லா வழிமரபுகளிலிருந்தும் வெகுவாக விலகி நின்றன. இந்த இனம் சீனப் பகுதியிலிருந்தே உலகெங்கும் பரவியது என்று 2018ஆம் ஆண்டின் ஆய்வு முடிவுசெய்ததற்கு இத்தகைய காட்டு ஸ்ட்ரெயின்களே ஆதாரம். அதே போல, குளிர்பதத்தில் நொதிக்கும் லாகர் பியருக்கான கலப்பின ஈஸ்ட்டின் ஒரு பெற்றோர் யார் என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2011இல் டியேகோ லிப்கிண்ட் குழுவினர் அர்ஜென்டினாவின் பத்தகோனியாக் காடுகளில், நோதோஃபாகஸ் மரங்களில் வளரும் சித்தாரியா பூஞ்சைக் கழலைகளில் சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்ற இனத்தைக் கண்டு அதை விடுவித்தனர். மதுபான ஆலைகளை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அந்த விடை கிடைத்திருக்காது.

எனவே முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். ‘இந்த மலைத்தொடரின் ஈஸ்ட்கள் ஒரே கூட்டமா, பல கூட்டங்களா?’ என்பது ஒரு கேள்வி. ‘கள் இறக்கும் பனைகளில் உள்ள ஈஸ்ட்கள் பக்கத்துக் காட்டு மரங்களில் உள்ளவற்றிலிருந்து வேறானவையா?’ என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பல இடங்களில், ஒவ்வோரிடத்திலும் பல மரங்கள் வேண்டும். இரண்டாவதற்கு ஒவ்வொரு ஊரிலும் பனையும் காட்டு மரமும் இணையிணையாக வேண்டும். இல்லையேல், பழக்கப்படுத்தலால் வந்த வேறுபாட்டையும் இடத்தால் வந்த வேறுபாட்டையும் பின்னால் எந்தக் கணக்கும் பிரித்துத் தராது.

இந்தியாவில் பணிசெய்வோர் அனுமதிகளைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். காப்புக் காடுகளில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி தேவை. நுண்ணுயிர்களும் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. ஸ்ட்ரெயின்களை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

காட்டில் எடுப்பது, குழாயில் வளர்ப்பது

மரப்பட்டையின் பிளவுகள், மரத்தில் வடியும் சாறு, அடிமரத்தைச் சுற்றியுள்ள மண், உதிர்ந்த இலைக் குவியல் ஆகியவை நல்ல இடங்கள். மலேசியாவில் பெர்டாம் பனையின் பூக்களில் ஊறும் தேன் இயற்கையாகவே நொதிக்கிறது. அங்கிருந்துதான் செரிவிசியேயின் மிகத் தனித்த வழிமரபுகளுள் ஒன்று கிடைத்தது. கத்தியை ஒவ்வொரு மாதிரிக்கும் 70 விழுக்காடு எத்தனாலில் துடைத்துச் சுடர் காட்டி, இரண்டு மூன்று சிறு பட்டைத் துண்டுகளைக் கிருமிநீக்கிய குழாயில் இடுங்கள். மரத்தின் இனம், உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், அன்றைய வெப்பநிலை ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். மாலையில் விடுதிக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதும் குறிப்பு பயன்படாது.

ஒரே மரத்தில் பத்து மாதிரிகளை எடுப்பதைவிடப் பத்து மரங்களில் ஒவ்வொன்று எடுப்பது மேல். மேலும், ஒவ்வொரு களப்பயணத்திலும் சில வெற்றுக் குழாய்களைக் காட்டிலேயே திறந்து, கத்தியை மட்டும் உள்ளே தொட்டு மூடி, மற்றவற்றோடு சேர்த்து வளர்க்க வேண்டும். ரொட்டி ஈஸ்ட் மனிதர் வாழும் இடமெங்கும் இருக்கிறது. வெற்றுக் குழாயில் ஈஸ்ட் வளர்ந்தால் அன்றைய சேகரிப்பு முழுவதையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். இந்தச் சிறிய கட்டுப்பாட்டுச் சோதனையைச் செய்யாத காட்டு ஈஸ்ட் ஆய்வை நான் நம்பத் தயங்குவேன்.

பட்டையில் ஈஸ்ட்டைவிடப் பாக்டீரியாவும் இழைப்பூஞ்சையும் பன்மடங்கு அதிகம். அவற்றை அடக்கி ஈஸ்ட்டை மட்டும் பெருகவிடும் ஊடகத்தை, அமெரிக்க ஓக் மரங்களில் ஈஸ்ட் தேடிய பால் ஸ்னிகோவ்ஸ்கி குழுவினர் 2002இல் விவரித்தனர். ஒரு லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 3 கிராம், மால்ட் சாறு 3 கிராம், பெப்டோன் 5 கிராம், சர்க்கரை 10 கிராம், எத்தனால் 76 மில்லிலிட்டர், குளோராம்ஃபெனிகால் 1 மில்லிகிராம், ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லிலிட்டர் என்பது அதன் செய்முறை. ஊடகத்தை ஆட்டோகிளேவில் வைத்தெடுத்து, அது ஆறிய பிறகே எத்தனாலைச் சேர்க்க வேண்டும். மாதிரியின்மேல் இதை ஊற்றி, வாயு வெளியேறும் அளவுக்கு மூடியைத் தளர்த்தி, 30 டிகிரி செல்சியஸில் பத்து நாட்கள் அளவில் வைத்திருந்தால், ஈஸ்ட் உள்ள குழாய்களில் அடியில் வெண்ணிற வண்டலும் அசைத்தால் எழும் குமிழிகளும் தெரியும்.

வெப்பநிலையைத் தேர்வதும் ஒருவகைத் தேர்வுதான். போர்ச்சுகலின் ஓக் பட்டைகளில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே வகை மாதிரிகளை 30 டிகிரியில் வைத்தபோது செரிவிசியேயும் அதன் நெருங்கிய உறவினமான பாரடாக்சஸும் வளர்ந்தன. 10 டிகிரியில் வைத்தபோது உவாரும், குத்ரியாவ்சேவீ ஆகிய குளிர்விரும்பி இனங்கள் வெளிப்பட்டன. ஆகவே முடிந்தால் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரு வெப்பநிலைகளிலும் வையுங்கள். இவ்வாறு ஊட்டி வளர்த்த குழாயிலிருந்து ‘இந்த மரத்தில் இவ்வளவு ஈஸ்ட் உள்ளது’ என்று சொல்ல முடியாது என்பதையும் நினைவில் கொள்க. ‘இருக்கிறது’ என்பதை மட்டுமே அது சொல்லும்.

வண்டலில் ஒரு வளையத்தளவு எடுத்து, ஒரு விழுக்காடு ஈஸ்ட் சாறும் இரண்டு விழுக்காடு பெப்டோனும் இரண்டு விழுக்காடு குளுக்கோஸும் கொண்ட ஒய்பிடி அகார் தட்டில் கோடிழுங்கள். பாலேடு நிறத்தில், வழவழப்பாக, மேடிட்டு வளரும் காலனிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டையான அல்லது நீள்வட்டச் செல்களின் பக்கத்தில் சிறிய மொட்டுகள் ஒட்டியிருப்பது தெரியும். ஒற்றைக் காலனியைத் தொட்டு மறுபடியும் ஒருமுறை கோடிழுத்துத் தூய்மையாக்குங்கள். ஒரு குழாயிலிருந்து ஒரு காலனிக்கு மேல் ஆய்வில் சேர்க்க வேண்டாம். அங்கே வளர்ந்தவை ஒரே செல்லின் வழித்தோன்றல்களாக இருக்கலாம், அவற்றைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணினால் பன்மை பொய்யாகக் குறையும். தூய காலனி கிடைத்த அன்றே கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். மறுவளர்ப்பு கூடக் கூட, ஆய்வகத்திலேயே புதிய சடுதிமாற்றங்கள் சேரும். ஒரு குரோமோசோமின் இரு பிரதிகளில் ஒன்றின் அல்லீல், அதாவது மரபணுவின் மாற்று வடிவம், மற்றதன்மேல் படியெடுக்கப்பட்டு வேறுபாடுகள் அழியவும் கூடும்.

இனம் எது என்று உறுதிசெய்தல்

ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐடிஎஸ் பகுதியை, டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் முறையால் பெருக்கினால், சாக்கரோமைசிஸ் இனங்களில் சுமார் 850 எழுத்து நீளமுள்ள பட்டை ஜெல்லில் தெரியும். மற்ற ஈஸ்ட்கள் பலவற்றில் இது கணிசமாகக் குறைவு என்பதால், முதற்கட்ட வடிகட்டலை இங்கேயே முடித்துவிடலாம். பட்டை பொருந்தியவற்றின் டிஎன்ஏவை மட்டும் வரிசைப்படுத்தி (எழுத்து எழுத்தாக வாசித்து), தரவுத்தளத்தில் உள்ள வகைமாதிரி ஸ்ட்ரெயின்களோடு ஒப்பிடுங்கள்.

செரிவிசியேயும் பாரடாக்சஸும் தோற்றத்தில் பிரித்தறிய முடியாதவை. ஐயம் எழுந்தால் மரபுவழிச் சோதனையே உறுதியானது. பொட்டாசியம் அசிட்டேட் ஊடகத்தில் சில நாட்கள் பட்டினியிட்டால் இருமடியச் செல்கள் (ஒவ்வொரு குரோமோசோமிலும் இரு பிரதிகள் உள்ளவை) நான்கு வித்துகள் கொண்ட பைகளாக மாறும். அறியப்பட்ட ஒரு ஸ்ட்ரெயினோடு கலக்கச் செய்து, கலப்பினத்தின் வித்துகளை நுண்கையாளியால் பிரித்து வைத்தால், ஒரே இனமானால் பெரும்பாலான வித்துகள் முளைக்கும். செரிவிசியே, பாரடாக்சஸ் கலப்பானால் நூறில் ஒன்றுகூட முளைப்பது அரிது. ஒரே இனத்துக்குள்ளும் விதிவிலக்கு உண்டு: மலேசிய வழிமரபின் குரோமோசோம்கள் பெருமளவில் இடம் மாறியிருப்பதால், அது மற்ற செரிவிசியே ஸ்ட்ரெயின்களோடு கலந்தால் வித்துகளில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. எழுத்து வேறுபாட்டை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது.

எத்தனை மடி?

இங்கேதான் ஈஸ்ட் ஆய்வு மனித மரபியலிலிருந்து பிரிகிறது. இயற்கையிலிருந்து எடுக்கும் செரிவிசியே பெரும்பாலும் இருமடியம். ஆனால் பியர், ரொட்டி ஸ்ட்ரெயின்களிடையே மும்மடியமும் நான்மடியமும் பரவலாக உள்ளன. 1,011 ஸ்ட்ரெயின்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஏதேனும் ஒரு குரோமோசோமாவது கூடியோ குறைந்தோ இருந்தது. ஆகவே ஒளிர்சாயமேற்றிய செல்களை, அவற்றின் டிஎன்ஏ அளவை ஒளியால் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செலுத்தி, நன்கறிந்த ஒருமடிய, இருமடிய ஸ்ட்ரெயின்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றின் மடிநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். சைட்டோமீட்டர் இல்லாத ஆய்வகம், வரிசைப்படுத்திய பிறகு, பிரதிகள் தமக்குள் வேறுபடும் கலப்பு இடங்களில் இரு அல்லீல்களின் விகிதத்தைப் பார்க்கலாம்: பாதிக்குப் பாதி வந்தால் இருமடியம், மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று திரண்டால் மும்மடியம்.

முந்தைய ஆய்வுகள் பலவற்றில், வேலையை எளிதாக்க ஒரே வித்திலிருந்து வளர்த்த வழித்தோன்றலை வரிசைப்படுத்தினார்கள். எச்ஓ என்ற மரபணு இயங்கும் ஸ்ட்ரெயின்களில் ஒற்றை வித்து தன் பாலின வகையை மாற்றித் தன்னோடு தானே கலந்து இருமடியமாகிவிடும். எல்லா இடங்களிலும் இரு பிரதிகளும் ஒன்றாகவே இருக்கும். வாசிப்பது எளிது, ஆனால் மூல ஸ்ட்ரெயினில் இருந்த பன்மையில் பாதி அங்கேயே தொலைந்துவிடுகிறது. செலவு பெரிதும் குறைந்துவிட்ட இன்று, காட்டிலிருந்து வந்த ஸ்ட்ரெயினையே நேரடியாக வரிசைப்படுத்துவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

டிஎன்ஏ எடுக்க, இரவு முழுதும் வளர்த்த ஐந்து மில்லிலிட்டர் வளர்ப்பு போதும். ஈஸ்ட்டின் செல்சுவர் தடிப்பானது. ஸைமோலியேஸ் நொதியால் அதைக் கரைத்த பிறகே மற்ற படிகள். ஆழத்தை, அதாவது ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக எத்தனை முறை வாசிக்கப்படுகிறது என்பதைக் கணக்கிடுவது எளிது: 1.2 கோடி எழுத்துகளை 50 மடங்கு வாசிக்க 60 கோடி எழுத்துகள் தேவை; ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் இருபுறமும் 150 எழுத்துகளாக வாசிக்கும் முறையில் இது 20 லட்சம் இணைகள். பன்மடிய ஸ்ட்ரெயின்களுக்கு இதை இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வொரு வழிமரபிலிருந்தும் ஓரிரு ஸ்ட்ரெயின்களையேனும் நீள்வாசிப்பு முறையிலும் வாசித்துவிடுங்கள். குரோமோசோம் இடமாற்றங்களும், முனைகளை ஒட்டிய பகுதிகளின் மரபணுக்களும் குறுவாசிப்புகளில் சரியாகத் தெரிவதில்லை.

கணினியில்: எதை எதனால் வகுப்பது

வாசிப்புகளின் தரத்தைச் சோதித்து, பிடபிள்யூஏ போன்ற நிரலால் அவற்றை, ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும் மேற்கோள் மரபணுத்தொகையின்மேல் பொருத்த வேண்டும். எஸ்288சியின்மேல் மட்டும் பொருத்தாமல், சாக்கரோமைசிஸ் பேரினத்தின் எல்லா இனங்களின் மேற்கோள்களையும் ஒரே கோப்பில் இணைத்து அதன்மேல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கலப்பினமாயின் வாசிப்புகள் இரு இனங்களிலும் சிதறி விழும். பிற இனத்திலிருந்து சிறு துண்டுகள் மட்டும் புகுந்திருந்தால் அந்தத் துண்டுகள் தனியே எழுந்து தெரியும். ஆலிவ் எண்ணெய் ஆலைக் கழிவில் வாழும் ‘அல்பெச்சின்’ வழிமரபில் பாரடாக்சஸின் மரபணுக்கள் ஏராளமாகப் புகுந்துள்ளன. எஸ்288சியை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தப் பகுதிகள் செரிவிசியே அதிவேகமாகச் சடுதிமாற்றம் அடைந்ததைப் போலத் தோற்றமளிக்கும்.

வேறுபாடுகளைக் கண்டறியும் நிரலுக்கு ஒவ்வொரு மாதிரியின் மடிநிலையையும் தனித்தனியே சொல்ல வேண்டும். 12ஆம் குரோமோசோமில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளாக அடுக்கப்பட்டுள்ள ரைபோசோம் டிஎன்ஏ, மரபணுத்தொகைக்குள் இடம் மாறும் தாவும் கூறுகள், குரோமோசோம் முனைகள் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. இரு ஸ்ட்ரெயின்களுக்கிடையே, 10,000 எழுத்து நீளமுள்ள பகுதியில் 30 வேறுபாடுகள் கண்டதாக வைத்துக்கொள்வோம். 30ஐ 10,000ஆல் வகுத்தால் 0.30 விழுக்காடு. ஆனால் அந்தப் பகுதியில் இரு ஸ்ட்ரெயின்களிலும் நம்பத்தக்க ஆழத்தில் வாசிக்கப்பட்டவை 8,000 எழுத்துகள் மட்டுமே என்றால், சரியான விடை 0.375 விழுக்காடு. வேறுபாடுகளை மட்டும் பட்டியலிடும் வழக்கமான கோப்பில், வாசிக்கப்படாத இடமும் வேறுபாடற்ற இடமும் ஒன்றுபோலவே காணப்படும். எனவே மாறாத இடங்களையும் சேர்த்து எழுதச் சொல்லி, ஒவ்வோர் இணைக்கும் உண்மையில் ஒப்பிட முடிந்த இடங்களால் வகுக்க வேண்டும். ஆழம் குறைந்த மாதிரிகள் மேற்கோளைப் போலவே தோற்றமளிப்பதும், அதனால் ‘பன்மை குறைந்த கூட்டம்’ என்ற பெயரைப் பெறுவதும் இந்தக் கவனமின்மையால்தான்.

விடையைச் சரிபார்க்க அளவுகோல் ஒன்று உண்டு. உலகளவில் செரிவிசியேயின் எந்த இரு ஸ்ட்ரெயின்களை எடுத்தாலும் சராசரியாக ஆயிரம் எழுத்துகளில் மூன்று அளவில் வேறுபடுகின்றன. மனிதரில் இது ஆயிரத்துக்கு ஒன்று அளவில் இருக்கிறது. ஒயின் ஸ்ட்ரெயின்களை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் மூன்றைப் பெற்றால், எங்கோ மாதிரிகள் கலந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கூட்டங்களைப் பிரித்தறிதல்

மனித மரபியலில் ஹார்டி-வைன்பெர்க் சமநிலையிலிருந்து (தற்செயல் இனக்கலப்பில் எதிர்பார்க்கும் அல்லீல் சேர்க்கைகளின் விகிதத்திலிருந்து) விலகும் இடங்களைத் தவறான வாசிப்புகள் என்று நீக்குவது வழக்கம். ஈஸ்ட் ஆய்வில் இந்த வடிகட்டியைப் பயன்படுத்தவே கூடாது. அந்தச் சமநிலை தற்செயல் இனக்கலப்பை அனுமானிக்கிறது. 2008இல் பாரடாக்சஸ் பற்றி வெளியான கணிப்பின்படி, அது ஆயிரம் பாலிலித் தலைமுறைகளுக்கு ஒருமுறை அளவிலேயே பாலினப் பெருக்கத்தில் ஈடுபடுகிறது. அப்போதும் நூறில் 94 தடவை ஒரே பையின் வித்துகள் தமக்குள் கலக்கின்றன, அயலாரோடு கலப்பது நூறில் ஒருமுறைதான். இப்படி வாழும் உயிரியில் கலப்பு அல்லீல்கள் குறைவாக இருப்பது இயல்பு. வடிகட்டியைப் போட்டால், மெய்யான வேறுபாடுகளே குப்பைக்குப் போகும்.

ஒத்த ஸ்ட்ரெயின்களை அருகருகே காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு, ஒவ்வொன்றிலும் கலந்துள்ள மூதாதைக் கூட்டங்களின் பங்கைக் கணிக்கும் அட்மிக்ஸர் வகை நிரல், உறவுகளைக் கிளைகளாக வரையும் மரவரைபடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் ஏறத்தாழ ஒன்றேயான குளோன்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். மரவரைபடத்தை நம்புவதில் ஓர் எல்லை உண்டு. 2009இல் செரிவிசியேயின் கூட்ட மரபணுவியலை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தபோது, மலேசியா, மேற்கு ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, சாகே (ஜப்பானிய அரிசி மது), ஒயின்/ஐரோப்பா என்று ஐந்து தெளிவான வழிமரபுகள் தெரிந்தன. எஞ்சிய ஸ்ட்ரெயின்கள் பல, மனிதப் போக்குவரத்தால் இந்த வழிமரபுகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்தவை. அத்தகைய கலவை ஸ்ட்ரெயினுக்கு ஒரே மூதாதை வரிசை கிடையாது. அதன் ஒரு குரோமோசோம் ஒரு கிளையிலும் அடுத்தது வேறு கிளையிலும் அமர வேண்டியது. மரவரைபடமோ இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட தனிக்கிளையை வரைந்து, புதிய வழிமரபு கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியைத் தரும். குரோமோசோம்களைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய உறவு எது என்று பார்த்த பிறகே புதிய வழிமரபை அறிவியுங்கள்.

இயற்கைத் தேர்வின் தடத்தைத் தேடுதல்

எந்த அல்லீல் பழையது, எது புதியது என்று தீர்மானிக்கப் பாரடாக்சஸ்தான் புறக்குழு, அதாவது ஒப்பிடுவதற்கான வெளி இனம். அல்லீல்களின் பரவல் தேர்வில்லாத நிலையின் எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும், 1989இல் ஃபுமியோ தஜிமா தந்த டி அளவீடு, புரதத்தை மாற்றும் வேறுபாடுகளையும் மாற்றாதவற்றையும் இனத்துக்குள்ளும் இனங்களுக்கிடையிலும் ஒப்பிடும், 1991இல் மெக்டொனால்டும் கிரைட்மனும் தந்த சோதனை ஆகிய இரண்டும் இன்றும் தொடக்கப் புள்ளிகள். ஆனால் தேர்வு எதுவும் நடக்காமல், கூட்டம் அண்மையில் பெருகியிருந்தாலும் தஜிமாவின் டி எதிர்மறையாகும். இரு கூட்டங்களைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிட்டாலும் அது மேலெழும். எனவே வழிமரபு வழிமரபாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். ஒரு மரபணுவின் மதிப்பை அதே கூட்டத்தின் முழு மரபணுத்தொகைப் பரவலோடு ஒப்பிட்டே பேசுங்கள்.

ஆனால் ஈஸ்ட்டில் தேர்வின் தடங்கள் ஒற்றை எழுத்து மாற்றங்களைவிடப் பிரதிகளின் எண்ணிக்கையிலும் அமைப்பு மாற்றங்களிலும் தெளிவாகக் கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சை நோய்க்கெதிராகப் போர்டோக் கலவை, அதாவது செப்பு சல்பேட்டும் சுண்ணாம்பும், தெளிக்கப்பட்டு வந்தது. ஒயின் ஸ்ட்ரெயின்கள் பலவற்றில் செம்பைக் கட்டிவைக்கும் புரதத்துக்கான சியுபி1 மரபணு பல பிரதிகளாகப் பெருகியுள்ளது. இதை உங்கள் தரவிலேயே அளக்கலாம். மரபணுத்தொகையின் இடைநிலை (மீடியன்) ஆழம் 50 என்றும், சியுபி1 மேல் விழும் ஆழம் 200 என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு பிரதிகள் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் எஸ்288சி மேற்கோளில் சியுபி1 ஏற்கெனவே இரு பிரதிகளாக எழுதப்பட்டுள்ளது. வாசிப்புகள் இரண்டுக்கும் பங்கிட்டு விழுகின்றன. இரண்டிலும் 200 இருந்தால் கூட்டுத்தொகை 400, அதாவது ஒருமடியத் தொகுதிக்கு எட்டுப் பிரதிகள். மேலும், இந்த வாசிப்புகள் இரு இடங்களுக்கும் சமமாகப் பொருந்துவதால், பொருத்தத் தரம் குறைந்தவை என்று அவற்றை உங்கள் வடிகட்டி முன்பே எறிந்திருக்கக்கூடும். பிரதிக் கணக்கை எப்போதும் வடிகட்டாத கோப்பிலிருந்து எடுங்கள்.

ஒயினில் பாதுகாப்புப் பொருளாகச் சேர்க்கும் சல்ஃபைட்டை வெளியேற்றும் எஸ்எஸ்யு1 மரபணுவின் கதை இன்னொரு வகை. 8ஆம் குரோமோசோமும் 16ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அந்த மரபணுவின் வெளிப்பாடு கூடியது. அதன் எழுத்துகளைத் தேடினால் எதுவும் தெரியாது, இரு குரோமோசோம்களுக்கும் பாலமாக விழும் வாசிப்பு இணைகளைத் தேடினால்தான் தெரியும். மேற்கோளில் இல்லாத மரபணுக்களுக்கோ, ஒவ்வொரு ஸ்ட்ரெயினின் வாசிப்புகளையும் மேற்கோளின்றித் தாமாகக் கோத்துப் பார்க்க வேண்டும். இசி1118 என்ற வணிக ஒயின் ஸ்ட்ரெயினை 2009இல் இவ்வாறு கோத்தபோது, எஸ்288சியில் இல்லாத மூன்று பெரும் பகுதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று டோருலாஸ்போரா மைக்ரோஎல்லிப்சாய்டிஸ் என்ற தொலைவான ஈஸ்ட்டிலிருந்து தாவி வந்தது என்றும், திராட்சைச் சாற்றிலுள்ள சிறு பெப்டைடுகளை உட்கொள்ள உதவும் மரபணுக்கள் அதில் உள்ளன என்றும் பின்னர் நிறுவப்பட்டது.

புள்ளியியல் காட்டும் மரபணுவை நிரூபணமாகக் கொள்ள வேண்டாம். இரு ஸ்ட்ரெயின்களைக் கலந்து, கலப்பினத்தில் ஒரு பக்கத்தின் அல்லீலை நீக்கிய ஸ்ட்ரெயினையும் மறுபக்கத்தின் அல்லீலை நீக்கிய ஸ்ட்ரெயினையும் உருவாக்கி, செம்போ சல்ஃபைட்டோ கலந்த தட்டில் அருகருகே வளர்த்துப் பார்த்தால், மற்ற எல்லா மரபணுக்களும் ஒன்றாக இருக்க அந்த ஒன்றின் விளைவு மட்டும் தனித்து நிற்கும். இவ்வளவு தூய்மையான சோதனையைச் செய்ய முடிவது ஈஸ்ட்டின் பெரிய வரம்; அதை விட்டுவிடுவது வீண்.

பிற உயிரிகளுக்கு இதே முறை

வேறு உயிரிக்குப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது, அது எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்பதுதான். அராபிடாப்சிஸ் செடி தன்மகரந்தச் சேர்க்கையால் வாழ்வது. 2016இல் அதன் 1,135 மரபணுத்தொகைகளை ஆராய்ந்த திட்டத்தின் தரவைப் பயன்படுத்துவோருக்கு மேலே சமநிலை பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். பாக்டீரியாவில் குளோன்களைக் கையாள்வதும் மரபணுத் தாவலும் ஈஸ்ட்டைவிட முக்கியமாகின்றன. மனிதரில் அந்தச் சமநிலை வடிகட்டி பயன்படும், ஆனால் ஒவ்வொரு மக்கட்குழுவுக்கும் தனித்தனியே பயன்படுத்த வேண்டும். 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவை வெளியிட்ட ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு குழு என்பதால், எஸ்டியு என்ற குறியீட்டோடு உள்ள அந்தத் தரவைத் தரவிறக்கி இதே கணக்குகளைப் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம்.

ஆய்வு முடிந்ததும் மூல வாசிப்புகளைப் பொதுத் தரவகத்தில் சேருங்கள். ஸ்ட்ரெயின்களைச் சண்டிகரின் எம்டிசிசி, புனேயின் என்சிஐஎம் போன்ற நுண்ணுயிர்க் காப்பகங்களில் வையுங்கள். உறைபெட்டியில் உள்ள குழாயிலும், வாசிப்புக் கோப்பிலும், கட்டுரையின் அட்டவணையிலும், காப்பகப் பதிவிலும் ஒரே ஸ்ட்ரெயின் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணோடு மரத்தின் இனம், அட்சரேகை, தீர்க்கரேகை, சேகரித்த நாள், வளர்த்த வெப்பநிலை, மடிநிலை, மறுவளர்ப்புகளின் எண்ணிக்கை ஆகிய ஏழும் இணைந்திருந்தால், உங்களுக்குப் பின் வருபவர் அதே மரத்திலிருந்து மீண்டும் ஈஸ்ட் எடுத்து உங்கள் கணக்கைச் சோதித்துப் பார்க்க முடியும்.